ஐந்து ஹெர்ட்ஸில் குலுங்கும் முதுகு

உழவு நடக்கும் ஊர்களில் டிராக்டர் இருக்கைகளைக் கவனித்துப் பாருங்கள். ஒன்றின் மேல் வீட்டுத் தலையணை கிடக்கும். இன்னொன்றில் கோணிச் சாக்கை நான்காக மடித்துப் போட்டு, நழுவாமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். வேறொன்றில் ரெக்சின் கிழிந்து, ஃபோம் வெயிலில் பொடிந்து, அடியில் இருக்கும் தகடு பளபளத்துக்கொண்டிருக்கும். நாள் முழுக்க அதன்மேல் உட்கார்ந்து ரோட்டாவேட்டர் ஓட்டியவர் கீழே இறங்கியதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நிமிர்வதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்வார். "எல்ஃபோர், எல்ஃபைவ் போயிடுச்சு" என்று நாற்பது வயதுக்காரர்கள் சர்வ சாதாரணமாகச் சொல்வதையும் கேட்கலாம்.

தலையணையும் சாக்கும் ஓட்டுநர்கள் தங்கள் இடுப்புக்குத் தாங்களே செய்துகொள்ளும் வைத்தியம். ஆனால் மெத்தென்று இருந்தால் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கை பாதிதான் சரி. சில நேரங்களில் அந்த மெத்தையே குலுக்கலைக் கூட்டிக் கொடுத்துவிடும். முதுகு வலி உள்ளவருக்கு ஏற்ற இருக்கை எது என்று அறிய, அதைக் கையால் அமுக்கிப் பார்த்தால் போதாது. ஆள் உட்கார்ந்த பிறகு அது நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்க வேண்டும்.

உடம்பின் தாளம்

ஸ்பிரிங்கின் மேல் வைத்த எந்தப் பொருளையும் தட்டிவிட்டால், அது தனக்கென்று உள்ள ஒரு வேகத்தில் மேலும் கீழும் ஆடும். அதை இயல்பு அதிர்வெண் என்கிறோம். நொடிக்கு ஓர் ஆட்டம் என்றால் 1 ஹெர்ட்ஸ். வெளியிலிருந்து வரும் குலுக்கலும் அதே வேகத்தில் அமைந்துவிட்டால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். இதுதான் ஒத்ததிர்வு. இடுப்பில் தண்ணீர்க் குடம் சுமந்தவர்களுக்கு இது பழகிய விஷயம். ஒரு குறிப்பிட்ட நடையில் போனால் தண்ணீர் அலையடித்துச் சேலையை நனைத்துவிடும். நடையைக் கொஞ்சம் கூட்டினாலோ குறைத்தாலோ தளும்பல் அடங்கிவிடும். குடமும் தண்ணீரும் அப்படியேதான் இருக்கின்றன; நடையின் தாளம் மட்டும் மாறியிருக்கிறது.

உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கும் இப்படி ஒரு தாளம் உண்டு. இடுப்பெலும்பின் மேல் முதுகெலும்பு, அதன்மேல் நெஞ்சுக்கூடு, தோள், தலை என்று அடுக்கப்பட்ட இந்த உடம்பைக் கீழிருந்து மேலாகக் குலுக்கினால், சுமார் 4 முதல் 6 ஹெர்ட்ஸ் வரையிலான வேகத்தில் அது மிக அதிகமாக ஆடுகிறது. அந்த வேகத்தில் இருக்கை ஆடுவதைவிட முதுகெலும்பு அதிகமாக ஆடும். முழு உடல் அதிர்வை அளப்பதற்கான பன்னாட்டுத் தரம் ஐ.எஸ்.ஓ. 2631. அது செங்குத்தான குலுக்கலைக் கணக்கிடும்போது, ஏறக்குறைய 4 முதல் 10 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்கு அதிக எடை கொடுப்பது இதனால்தான்.

இதில் முதுகுத் தசைகளின் பங்கும் உண்டு. ஒரு குலுக்கலை உணர்ந்து தசை இறுகுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. நொடிக்கு ஐந்து முறை குலுங்கினால் ஓர் ஆட்டம் 0.2 நொடியில் முடிந்துவிடும். தசை இறுகி முடிப்பதற்குள் குலுக்கல் திசை மாறியிருக்கும். முதுகெலும்பைத் தாங்க வேண்டிய தசை தப்பான கணத்தில் இறுகி, அதன்மேல் பாரத்தைக் கூட்டுகிறது. இப்படியே பல மணி நேரம் போனால் தசையும் களைத்துப்போகும்.

டிஸ்க்குக்குள் நடப்பது

நம்மூரில் ஜவ்வு என்று சொல்லப்படும் டிஸ்க், இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கிறது. அதன் மையத்தில் நீர் மிகுந்த கூழ். சுற்றிலும் 15 முதல் 25 அடுக்குகளாக நார் வளையங்கள். ஓர் அடுக்கின் நார்கள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அடுத்த அடுக்கின் நார்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். வளர்ந்தவர்களின் டிஸ்க்கில் உட்பகுதிக்கு ரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புப் பரப்பிலிருந்து ஊறி வருவதுதான் அதற்கு உணவு. பகலில் உடம்பின் பாரம் அழுத்த, டிஸ்க்கிலிருந்து நீர் மெல்ல வெளியேறும். இரவில் படுத்ததும் நீர் திரும்ப ஊறும். காலைக்கும் மாலைக்கும் இடையில் நம் உயரம் சுமார் ஒரு சதவீதம் குறைவது இதனால்தான்.

டிஸ்க்கின் உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ்-யோவாகிம் வில்கேயின் குழு, தன்னார்வலர் ஒருவரின் நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு (அதே எல்ஃபோர், எல்ஃபைவ்) இடையே உள்ள டிஸ்க்கில் நுண்ணிய அழுத்தமானியைச் செருகி, சுமார் ஒரு நாள் முழுக்க அளந்தது. முடிவுகள் 1999இல் வெளியாயின. படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல், நிற்கும்போது 0.5, சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தால் 0.46, முன்பக்கம் நன்றாக வளைந்து உட்கார்ந்தால் 0.83, முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கினால் 2.3. ஒரே ஆளிடம் எடுத்த அளவுதான் என்றாலும், எந்த நிலை டிஸ்க்கை எவ்வளவு அழுத்துகிறது என்பதற்கு இது நல்ல வழிகாட்டி.

உட்காருவது மட்டும் முதுகுக்குப் பகை இல்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. வளைந்து உட்காருவது, நெடுநேரம் அசையாமல் உட்காருவது, அதோடு குலுங்குவது என்று எல்லாம் சேரும்போதுதான் சிக்கல். டிராக்டர் ஓட்டுநருக்கு இவை எல்லாமே ஒரே வேலையில் வந்து சேர்கின்றன.

இத்தாலியில் மாசிமோ பொவென்சியும் ஆல்பெர்ட்டோ பெட்டாவும் 1,155 டிராக்டர் ஓட்டுநர்களை 220 அலுவலக ஊழியர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். 1994இல் வெளியான அந்த ஆய்வில், ஓட்டுநர்களிடம் இடுப்பு வலி அதிகமாக இருந்தது. அதிர்வும் உட்காரும் நிலையும் தனித்தனியே வலிக்குக் காரணமாகின்றன என்பது அவர்கள் கண்ட முக்கியமான செய்தி. பல ஆண்டுகள் உட்கார்ந்து வேலை செய்து, முழு உடல் அதிர்வால் இடுப்பு டிஸ்க் கெட்டுப்போவதை ஜெர்மனி 1993 முதல் தொழில்சார் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அங்கே அது இழப்பீட்டுக்கு உரிய நோய். இங்கே பெரும்பாலும் அதை "வயசாகுதுல்ல" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

டிராக்டர் ஏன் இப்படித் தூக்கிப் போடுகிறது?

காரில் சக்கரத்துக்கும் உடல் பகுதிக்கும் நடுவே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் உண்டு. நம் வயல்களில் ஓடும் டிராக்டர்களில் பின் அச்சு கியர் பெட்டியோடு நேராக இறுக்கப்பட்டிருக்கும். கலப்பையின் ஆழம் மாறாமல் இருக்கவும், கட்டமைப்பு எளிதாக இருக்கவும் அப்படி வைத்தார்கள். ஆரம்பகால டிராக்டர்களுக்கு இரும்புச் சக்கரம், தகட்டு இருக்கை. 1932இல் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் காற்றடைத்த டயர்களோடு தன் மாடல்-யு டிராக்டரை விற்கத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. இன்றைக்கும் பெரும்பாலான டிராக்டர்களில் தரைக்கும் ஓட்டுநருக்கும் நடுவே இருப்பவை டயரில் உள்ள காற்றும் இருக்கையும் மட்டுமே.

டயர் நல்ல ஸ்பிரிங்தான். ஆனால் ஆட்டத்தை அடக்கும் தன்மை அதற்குக் குறைவு. அதனால் டிராக்டர் முழுவதும் டயரின் மேல் ஏறக்குறைய 2 முதல் 4 ஹெர்ட்ஸ் வேகத்தில் துள்ளுகிறது. இது முதுகெலும்பின் தாளத்துக்கு மிக அருகில் இருக்கிறது. காற்றை அளவுக்கு மேல் அடித்தால் டயர் விறைத்து, துள்ளலின் வேகம் இன்னும் மேலே போகும். இழுவைக்காக டயரில் தண்ணீர் நிரப்புபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தண்ணீர் அமுங்காது, உள்ளே காற்றுக்கான இடம் குறையக் குறைய டயர் விறைப்பாகும்.

வேகத்தின் கணக்கைப் பார்ப்போம். மண் சாலையில் ஒரு மீட்டருக்கு ஒன்றாக மேடு வருகிறது என்று வையுங்கள். மணிக்கு 5 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 1.4 மீட்டர்; அதாவது 1.4 ஹெர்ட்ஸ் குலுக்கல். வண்டி மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும், அவ்வளவுதான். 10 கிலோமீட்டரில் அதே சாலை 2.8 ஹெர்ட்ஸ் ஆகிறது; டயரின் துள்ளலோடு அது சேர்ந்துகொள்ளும். 18 கிலோமீட்டரில் 5 ஹெர்ட்ஸ். அது நேரே முதுகெலும்பின் தாளம். சாலை ஒன்றுதான், வண்டி ஒன்றுதான். ஆக்சிலரேட்டரில் இருக்கும் கால்தான் எந்தத் தாளத்தில் குலுங்குவது என்று முடிவு செய்கிறது.

இருக்கையின் கணக்கு

இனி தலையணைக்கு வருவோம். ஓர் ஆள் உட்கார்ந்ததும் இருக்கை எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால் இருக்கையின் இயல்பு அதிர்வெண் தோராயமாகக் கிடைக்கும். 1 செ.மீ. அமுங்கினால் 5 ஹெர்ட்ஸ். 3 செ.மீ. என்றால் சுமார் 3 ஹெர்ட்ஸ். 11 செ.மீ. என்றால் 1.5 ஹெர்ட்ஸ்.

இன்னொரு விதியும் இருக்கிறது. ஓர் இருக்கை தன் இயல்பு அதிர்வெண்ணைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேலான குலுக்கலைத்தான் குறைத்துத் தரும். அதற்குக் கீழே உள்ளதைப் பெரிதாக்கித் தரும். தலையணை 3 செ.மீ. அமுங்குகிறது என்றால் அது 3 ஹெர்ட்ஸ் இருக்கை. 4 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் அது குறைக்கத் தொடங்கும். டிராக்டர் துள்ளுவதோ 2 முதல் 4 ஹெர்ட்ஸில். எந்த இடத்தில் உதவி தேவையோ, அதே இடத்தில் தலையணை குலுக்கலைக் கூட்டுகிறது. எஞ்சினின் நடுக்கம் உடம்பில் ஏறாமல் அது தடுக்கும். பின்புறத்தில் தகடு குத்தாமலும் காக்கும். அந்த இதம் உண்மையானது. முதுகெலும்பைத் தாக்கும் பெரிய துள்ளலுக்கு முன் மட்டும் அது எடுபடாது.

நல்ல இருக்கைக்கு 1.5 ஹெர்ட்ஸோ அதற்கும் குறைவோ வேண்டும். அதற்கு 11 செ.மீ. அமுங்க வேண்டும். அவ்வளவு பள்ளமாக இறங்கினால் பெடலுக்கும் ஸ்டீயரிங்குக்கும் உள்ள தூரம் குழம்பிவிடும். எனவே இருக்கைக்கு அடியில் உள்ள ஸ்பிரிங்கை முன்கூட்டியே இழுத்து வைத்திருப்பார்கள். எவ்வளவு இழுப்பது என்பது ஓட்டுநரின் எடையைப் பொறுத்தது. அதற்குத்தான் ஒரு திருகு இருக்கிறது.

சஸ்பென்ஷன் உள்ள இருக்கை என்றால் குனிந்து பாருங்கள். இருக்கைக்கு முன்புறத்திலோ, பக்கவாட்டிலோ, சாய்மானத்துக்குப் பின்னாலோ ஒரு குமிழோ கைப்பிடியோ இருக்கும். பலவற்றில் பக்கத்திலேயே கிலோ எண்கள் குறித்த ஒரு சிறு அளவுகோலும் இருக்கும். சேறும் கிரீஸும் சேர்ந்து இறுகி, வாங்கிய நாள் முதல் யாரும் திருப்பாமல் விட்ட திருகுகள் ஏராளம். முதலில் ஓட்டியவர் 90 கிலோ, இப்போது ஓட்டுபவர் 55 கிலோ என்றால், இருக்கை அவரைத் தூக்கி மேல் முனையிலேயே நிறுத்திவிடும். ஸ்பிரிங் இருந்தும் இல்லாத கதைதான். மாறாக, கனமானவர் உட்கார்ந்தால் ஒவ்வொரு குழியிலும் இருக்கை அடியில் போய் மோதும். அந்த மோதல் சாதாரணக் குலுக்கலைவிடக் கெடுதல். டிஸ்க் ஒரே கணத்தில் பெரிய பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கும். சரியான நிலை எளிது. ஆள் உட்கார்ந்த பிறகு, இருக்கை மேலும் கீழும் போகக்கூடிய தூரத்தின் நடுவில் நிற்க வேண்டும்.

பக்கத்தில் இருக்கும் ஷாக் அப்சார்பரையும் பாருங்கள். எண்ணெய் கசிந்து புழுதி ஒட்டியிருந்தால் அது செத்துவிட்டது என்று அர்த்தம். ஆட்டத்தை அடக்க ஆளில்லாமல் இருக்கை நெடுநேரம் துள்ளும்.

இருக்கை எப்படி வேலை செய்கிறது என்று அளக்கும் முறையும் உண்டு. இருக்கையின் மேல் பதிவாகும் அதிர்வை, அதன் அடியில் தளத்தில் பதிவாகும் அதிர்வால் வகுத்துச் சதவீதமாகச் சொல்வார்கள். 100க்குக் கீழே இருந்தால் இருக்கை காக்கிறது. 100க்கு மேலே என்றால், இருக்கை இல்லாமல் தளத்தில் உட்கார்ந்தவரைவிட அதில் உட்கார்ந்தவர் அதிகம் குலுங்குகிறார்.

திரும்பிப் பார்க்கும் கழுத்து

உழவு ஓட்டுபவர் முன்னே பார்ப்பதைப் போலவே பின்னேயும் பார்க்க வேண்டும். கலப்பை ஆழம் சரியா, ரோட்டாவேட்டரில் கொடி சுற்றிவிட்டதா, வரப்பு இடிகிறதா என்று ஒரு சாலுக்குள் பல முறை திரும்புவார். டிஸ்க்கின் நார்கள் எதிரெதிர்ச் சாய்வில் இருப்பதைச் சொன்னேன். இடுப்பு முறுக்கும்போது ஒரு சாய்வில் உள்ள அடுக்குகள் மட்டும் இறுகுகின்றன; மற்றவை தளர்ந்துவிடுகின்றன. பாதி நார்களே பாரம் தாங்கும் அந்த நேரத்தில் குலுக்கலும் வந்து சேர்கிறது.

ஒரு நல்ல பின்பார்வைக் கண்ணாடி இந்த முறுக்கலைப் பெரிதும் குறைக்கும். திரும்பியே ஆக வேண்டிய இடத்தில், இடுப்பை மட்டும் முறுக்காமல் உட்காரும் நிலையையே சற்றுத் திருப்பி, ஃபெண்டரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பார்ப்பது நல்லது. சாய்மானமும் முக்கியம். இடுப்பின் உட்குழிவைத் தாங்கும் சாய்மானத்தில் முதுகை ஒட்டி உட்கார்ந்தால், பாரத்தின் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். தலையணை போடத்தான் வேண்டும் என்பவர்கள் அதைப் பின்புறத்தின் அடியில் போடாமல், கையளவில் சுருட்டி இடுப்பின் குழிவில் வைத்துக் கட்டலாம்.

இருக்கையின் அளவும் உடம்புக்குப் பொருந்த வேண்டும். வேறு நாட்டு உடல் அளவுகளுக்கு வடிவமைத்த இருக்கை நம் ஓட்டுநருக்கு நீளமாக இருக்கலாம். அப்போது கிளட்ச்சை எட்டுவதற்கு அவர் முன்னால் நகர்ந்து உட்கார, சாய்மானம் பயனற்றுப் போகிறது. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம், கரக்பூர் ஐ.ஐ.டி. ஆகியவற்றின் ஆய்வாளர்கள், இந்திய உழவர்களின் உடல் அளவுக்கு ஏற்ற இருக்கை பற்றிப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள்.

இந்த விதிகள் டிராக்டருக்கு மட்டும் உரியவை இல்லை. அமெரிக்காவில் பெரிய புல்வெளி உள்ள வீடுகளிலும், கோல்ஃப் மைதானங்களிலும் உட்கார்ந்தபடி ஓட்டும் புல்வெட்டும் வண்டிகளுக்கும் இதே கதைதான். சக்கரம் சிறியது என்பதால் பெரிய சக்கரம் தாண்டிவிடும் சிறு பள்ளத்திலும் அது விழுந்து எழும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி குறைவு என்பதால் முன்னும் பின்னுமாக ஆடும். பல மாடல்களில் டயரையும் இருக்கையையும் தவிர வேறு சஸ்பென்ஷன் கிடையாது. முதுகு வலியோடு அதை ஓட்டுபவரும் குஷனின் தடிமனைவிட எடைத் திருகு, டயர் காற்று, வேகம் ஆகிய மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை, எட்டு மணி நேர வேலைக்கு இரண்டு அளவுகளை வகுத்திருக்கிறது. அதிர்வின் முடுக்கம் 0.5 மீ/நொடி² என்ற அளவைத் தொட்டால் முதலாளி அதைக் குறைக்க நடவடிக்கை எடுத்தாக வேண்டும். 1.15ஐத் தாண்டவே கூடாது. நேரம் குறைந்தால் அளவு கூடலாம். ஆனால் நேர்விகிதத்தில் இல்லை. அதிர்வு இரண்டு மடங்கானால் அனுமதி நேரம் நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடும். 0.5 அளவில் எட்டு மணி நேரம் ஓட்டுவதும், 1.0 அளவில் இரண்டே மணி நேரம் ஓட்டுவதும் சமம்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். குலுக்கலைப் பாதியாகக் குறைத்தால் முதுகு நான்கு மடங்கு நேரம் தாங்கும். சீசனில் வேலை நேரத்தைக் குறைப்பது ஓட்டுநரின் கையில் பெரும்பாலும் இருப்பதில்லை. குலுக்கலைக் குறைப்பது கையில் இருக்கிறது. கரடான வரப்பைக் கடக்கும்போது வேகத்தைக் குறைப்பதும், காற்றைக் கையேட்டில் சொன்ன அளவில் வைப்பதும், திருகைத் தன் எடைக்குத் திருப்புவதும் பைசா செலவில்லாத வேலைகள்.

இறங்கும்போதும் கவனம் வேண்டும். பல மணி நேரம் குலுங்கிய பிறகு தசைகள் களைத்திருக்கும், டிஸ்க்கும் நீர் இழந்து தாழ்ந்திருக்கும். அப்போது இருக்கையிலிருந்து குதிப்பதும், உடனே டீசல் கேனையோ விதை மூட்டையையோ குனிந்து தூக்குவதும் ஆபத்து. வண்டியைப் பார்த்தபடி படியில் கால் வைத்து இறங்குங்கள். சில நிமிடம் நடந்துவிட்டுத் தூக்குங்கள். ஓட்டும்போதும் மணிக்கு ஒரு முறையாவது இறங்கி நடந்தால் டிஸ்க்குக்கு மூச்சு கிடைக்கும்.

ஏற்கெனவே வலி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கேனில் "டிஸ்க் தேய்மானம்" என்று வந்தால் வாழ்க்கையே முடிந்ததாக அஞ்ச வேண்டாம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் தேய்மானம் இருந்தது. பெரும்பாலான இடுப்பு வலி சில வாரங்களில் தணியும். நாள்கணக்கில் படுத்துக் கிடப்பதைவிட, இயன்ற அளவு நடமாடுவதே நல்லது. ஆனால் கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் பிரியாமல் நின்றாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, தொடைகளின் இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ ஒரு நாள்கூடத் தள்ளாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்தியாவில் ஆண்டுக்கு 8 லட்சத்துக்கு மேல் டிராக்டர்கள் விற்கின்றன. வாங்குபவர்கள் குதிரைத்திறன், லிஃப்ட் தூக்கும் எடை, டீசல் செலவு, திரும்ப விற்கும் விலை என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். இருக்கையைப் பற்றியும் அதே கறாரோடு கேட்க வேண்டும். எத்தனை கிலோ முதல் எத்தனை கிலோ வரை திருகைச் சரிசெய்யலாம்? இருக்கை மேலும் கீழும் எத்தனை சென்டிமீட்டர் போகும்? முன்னும் பின்னும் நகருமா? ஷாக் அப்சார்பர் தனியாகக் கிடைக்குமா? வாடகைக்கு விடும் உரிமையாளர் எஞ்சின் எண்ணெயை மணிக்கணக்குப் பார்த்து மாற்றுகிறார். இருக்கையையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, ஓட்டுநர் மாறும்போதெல்லாம் திருகை அவர் எடைக்குத் திருப்பிக் கொடுத்தால், பல முதுகுகள் இன்னும் நெடுநாள் உழைக்கும்.